பாறையில் நின்ற பெயர்: அன்னியுஸ் குடும்பக் கல்வெட்டும் யவனர் பற்றிய தமிழாய்வும்

முன்னுரை

சங்ககால அயல்நாட்டு வணிகத்தைப் பேசும் தமிழாய்வுகளில் உரோமானியர் தரப்புச் சான்றுகளாக எடுத்துக்காட்டப்பெறும் பெயர்கள் பெரும்பாலும் நூலாசிரியர்களின் பெயர்களே. ஸ்ட்ராபோ, மூத்த பிளினி, தாலமி, பெயர் அறியப்படாத பெரிப்ளூஸ் ஆசிரியர் ஆகியோர் திரும்பத் திரும்ப மேற்கோளாகின்றனர். இவர்களுள் ஸ்ட்ராபோவும் பிளினியும் தாலமியும் இந்தியக் கரைக்கு வந்தவர்கள் அல்லர். பிறர் சொல்லக் கேட்டும் பிறர் எழுதியதைப் படித்தும் எழுதியவர்கள். கப்பல் ஏறியவர்கள் யார், அவர்கள் எந்நிலையினர், யாருடைய பொருளோடு வந்தனர் என்னும் வினாக்களுக்கு இந்நூல்கள் அரிதாகவே விடை தருகின்றன. அவ்விடை ஓரளவேனும் கிடைக்குமிடம் எகிப்தின் கீழைப் பாலைவனப் பாறைகளாகும். அங்கே ஓர் அடிமை தன் பெயரையும் தன் ஆண்டையின் பெயரையும் வெட்டிச் சென்றுள்ளான். ஆண்டையின் குடும்பம் உரோமானிய வரலாற்றில் பெரிதும் பேசப்படாத சிறு குடும்பம். ஆயினும் அக்குடும்பத்தின் பெயர் பிளினியின் நூல் வழியாக இலங்கை வரலாற்றிலும் தமிழக வணிக வரலாற்றிலும் இடம்பெற்றுவிட்டது. இடம்பெற்ற முறைதான் திருத்தப்பட வேண்டியதாக உள்ளது.

பிளினி கூறுவது

பிளினி தம் இயற்கை வரலாற்றின் ஆறாம் நூலில் தப்ரபேன் எனப்பட்ட இலங்கையைப் பற்றி எழுதுகிறார். செங்கடல் வரியை அரசுக் கருவூலத்திடமிருந்து குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியுஸ் புளோகாமுஸ் என்பவனுடைய விடுதலை பெற்ற அடிமை ஒருவன் அரேபியாவைச் சுற்றிக் கப்பலில் சென்றான். வடகாற்று அவனைக் கர்மானியாவுக்கு அப்பால் அடித்துச் சென்றது. பதினைந்தாம் நாள் அவன் தப்ரபேனின் ஹிப்புரோஸ் துறையை அடைந்தான். அந்நாட்டு அரசன் அவனை ஆறு திங்கள் விருந்தினனாக வைத்திருந்தான். அவன் அந்நாட்டு மொழியைக் கற்று, அரசன் கேட்டவற்றுக்கெல்லாம் விடை கூறி, உரோமானியரைப் பற்றியும் சீசரைப் பற்றியும் எடுத்துரைத்தான். அவனிடமிருந்து கைப்பற்றப்பட்ட வெள்ளிக் காசுகளில் வெவ்வேறு தலைவர்களின் உருவங்கள் இருந்தும் எடை ஒன்றாகவே இருந்தமை அரசனை வியக்கச் செய்தது. அதனால் உரோமானியரின் நேர்மையை மதித்து, ராகியாஸ் என்பவனைத் தலைவனாகக் கொண்ட நால்வர் தூதுக்குழுவை அனுப்பினான். இத்தூது கிளாடியஸ் ஆட்சியில் வந்ததாகப் பிளினி குறிக்கிறார். கிளாடியஸின் ஆட்சிக்காலம் கி.பி. 41 முதல் 54 வரை.

இப்பகுதி தமிழில் எடுத்தாளப்படும்போது இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்துவிடுகின்றன. முதலாவது, அன்னியுஸ் புளோகாமுஸே இலங்கைக்கு வந்தான் எனச் சுருங்கிவிடுகிறது. இரண்டாவது, 'விடுதலை பெற்ற அடிமை' என்பது 'பணியாள்' என்றோ 'ஊழியன்' என்றோ பெயர்க்கப்பட்டு, அவனுடைய சமூக நிலை மறைந்துவிடுகிறது. இவை சிறு வழுக்கள் போலத் தோன்றலாம். ஆனால் யார் வந்தார் என்பதே ஆய்வின் வினாவாக இருக்கையில், வராதவனை வந்தவனாக்குவதும் வந்தவனின் நிலையை மறைப்பதும் சிறு வழுக்கள் ஆகா.

பாறையில் இரு வாசகங்கள்

நைல் ஆற்றங்கரையிலுள்ள கோப்தோஸிலிருந்து செங்கடல் துறையாகிய பெரனிகேவுக்குச் செல்லும் பெருவழியில் வாதி மெனீஹ் என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. அங்குள்ள பாறைத் தங்கலில் வழிப்போக்கர் பலர் தம் பெயர்களை எழுதியுள்ளனர். அவற்றுள் கிரேக்கத்தில் ஒன்றும் இலத்தீனில் ஒன்றுமாக இரண்டு வாசகங்களை டேவிட் மெரிடித் 1953-இல் வெளியிட்டார். இரண்டின் பொருளும் ஒன்றே: புப்ளியுஸ் அன்னியுஸ் புளோகாமுஸின் லைசாஸ் வந்தேன் என்பது. சீசரின் 35-ஆம் ஆட்சியாண்டு குறிக்கப்பட்டுள்ளது. எகிப்தைக் கைப்பற்றிய கி.மு. 30-இலிருந்து எண்ணப்படும் அகஸ்டஸின் ஆட்சியாண்டு அது. நாட்குறிப்பையும் சேர்த்துக் கணக்கிட, கி.பி. 6, ஜூலைத் திங்களின் முதல் வாரம் என அமைகிறது.

இவ்வாசகங்கள் சிறியவையாயினும் செய்தி மிகுந்தவை. கிரேக்க வாசகம் எகிப்தியத் திங்களைக் குறிக்கிறது. இலத்தீன் வாசகம் உரோமானிய நாட்கணக்கைப் பின்பற்றுகிறது. எழுதியவனின் பெயர் கிரேக்கப் பெயர். அவனை உடைமையாகக் கொண்டவனின் குடிப்பெயர் இலத்தீன் பெயர். சங்கப் பாடல்களின் 'யவனர்' கிரேக்கரா உரோமானியரா என்று நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் விவாதத்தை இப்பாறையின் முன் வைத்துப் பார்த்தால், அவ்வினாவே பொருந்தாத வினா என்பது புலனாகும். லைசாஸைக் கிரேக்கன் என்பதா? அவன் உரோமானியக் குடும்பம் ஒன்றின் உடைமை. உரோமானியன் என்பதா? அடிமைக்கு உரோமானியக் குடியுரிமை இல்லை. அவனைக் கண்ட கடற்கரைத் தமிழர் அவனை 'யவனன்' என்றே அழைத்திருப்பர். அச்சொல்லின் பொதுமை அறியாமையால் விளைந்ததன்று. வந்தவர்களின் கலப்பு நிலைக்கு அதுவே பொருத்தமான சொல்.

நாளும் கருதத்தக்கது. கோப்தோஸிலிருந்து பெரனிகே வரையான தொலைவு 257 உரோமானிய மைல் எனவும், ஒட்டகங்களில் செல்லும் இப்பயணம் வெப்பம் காரணமாகப் பெரும்பாலும் இரவில் நிகழ்ந்து பன்னிரண்டாம் நாளில் முடியும் எனவும் பிளினியே கூறுகிறார். பகற்பொழுதில் நிழல் தேடித் தங்கிய வழிப்போக்கரே பாறைத் தங்கல்களில் எழுதினர். எழுதுவதற்கு வேண்டிய ஓய்வு பகலில்தான் கிட்டியது. இந்தியாவுக்குச் செல்லும் கப்பல்கள் கோடையின் நடுவில் புறப்பட்டன எனப் பிளினி எழுதுகிறார். பெரிப்ளூஸும் புறப்பாட்டுக்குரிய காலமாக ஜூலைத் திங்களைக் குறிக்கிறது. ஆகவே லைசாஸ் ஜூலைத் தொடக்கத்தில் அவ்வழியில் இருந்தது கடல் நோக்கிச் செல்லும் பருவத்தோடு பொருந்துகிறது. இதற்கு மறுதலையான சான்றும் அதே பள்ளத்தாக்கில் உண்டு. கயுஸ் நுமிதியுஸ் ஈரோஸ் என்பவன் இந்தியாவிலிருந்து திரும்புகையில் இங்கு இருந்ததாகச் சீசரின் 28-ஆம் ஆட்சியாண்டில், பமெனோத் என்னும் எகிப்தியத் திங்களில் எழுதியுள்ளான். அது கி.மு. 2, பிப்ரவரி-மார்ச்சு ஆகும். பருவக்காற்றின் போக்கும் வரவும் இவ்விரு பெயர்களின் நாட்குறிப்புகளில் அமைந்துள்ளன. நூல்கள் சொல்லும் பருவக்காற்றுக் கணக்கைச் சரிபார்க்க இதைவிட எளிய வழி வேறில்லை.

எனினும் லைசாஸ் இந்தியாவுக்குச் சென்றான் என்று இதைக்கொண்டு கூறிவிட முடியாது. அவன் வரிக்குத்தகை அலுவலாகப் பெரனிகே வரை மட்டும் சென்றிருக்கலாம். 'வந்தேன்' என்னும் வினை அப்பாறை வரைக்கும்தான் உறுதி.

பெயரிடு முறையும் குடும்பமும்

அன்னியுஸ் என்னும் குடிப்பெயர் உரோமில் புதிதன்று. சிசரோ வழக்காடிய திட்டுஸ் அன்னியுஸ் மிலோ அப்பெயரினன். பேரரசர் மார்க்கஸ் அவுரேலியுஸும் பிறப்பால் அன்னியுஸ் வேருஸ் குடும்பத்தவர். ஆனால் புளோகாமுஸின் குடும்பத்தை அவர்களோடு இணைத்துப் பெருமைப்படுத்தச் சான்று இல்லை. இத்தாலியின் புத்தேயோலித் துறைமுக நகரக் கல்வெட்டுகளில் அன்னியுஸ் என்னும் பெயர் வணிகச் சூழலில் பலகாலும் வருவதால், புளோகாமுஸ் அந்நகரோடு தொடர்புடையவன் என ஆய்வாளர் கருதுவர். கீழைநாட்டுச் சரக்குகள் வந்திறங்கிய பெருந்துறை அது. தமிழ் ஒலிபெயர்ப்பில் அன்னியுஸ் என்பது 'அன்னியர்' என்பதுபோல ஒலிப்பது தற்செயல். இதைக்கொண்டு யாரும் சொற்பிறப்பு காணப் புறப்பட வேண்டா.

புளோகாமுஸ் என்பது கூந்தற்பின்னலைக் குறிக்கும் கிரேக்கச் சொல். உரோமானியக் குடிமகன் ஒருவனுக்குக் கிரேக்கப் பெயர் மூன்றாம் பெயராக அமைந்திருப்பின், அவனோ அவன் தந்தையோ அடிமையாக இருந்து விடுதலை பெற்றிருத்தல் கூடும் என்பது உரோமானியப் பெயராய்வில் பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. இங்கே பெயரிடு முறையைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். அடிமைக்கு ஒரே பெயர். அதனோடு ஆண்டையின் பெயர் வேற்றுமையுருபு ஏற்று உடைமைப் பொருளில் நிற்கும். 'புப்ளியுஸ் அன்னியுஸ் புளோகாமுஸின் லைசாஸ்' என்பது அவ்வமைப்பே. ஆண்டை அவனை விடுவித்தால், ஆண்டையின் முதற்பெயரும் குடிப்பெயரும் அவனுக்கு உரியவாகும். பழைய அடிமைப் பெயர் மூன்றாம் பெயராக நிலைபெறும். லைசாஸ் விடுதலை பெற்றிருந்தால் அவன் புப்ளியுஸ் அன்னியுஸ் லைசாஸ் ஆகியிருப்பான். அவனுக்கு அடிமைகள் இருந்து, அவர்களை அவன் விடுவித்தால், அவர்களும் புப்ளியுஸ் அன்னியுஸ்களே. இவ்வாறு ஒரு துறைமுக நகரில் ஒரே குடிப்பெயர் தாங்கிய பலர் கல்வெட்டுகளில் காணப்படுவதற்குக் குருதியுறவு காரணமாக வேண்டுவதில்லை. 'பமீலியா' என்னும் இலத்தீன் சொல்லே அடிமைகளையும் உள்ளடக்கிய வீட்டாரைக் குறித்தது. அன்னியுஸ் 'குடும்பம்' எனத் தமிழில் எழுதும்போது நம் மனத்தில் எழும் தந்தை, மைந்தன், பெயரன் என்னும் வரிசை அங்குப் பொருந்தாது. பொறுப்பும் கடனும் நம்பிக்கையும் பெயர்வழியாகக் கைமாறிய வணிக அமைப்பு அது.

தமிழ்க் கல்வெட்டுகளோடு ஒப்பிடின் வேறுபாடு தெளிவாகும். அழகர்மலைத் தமிழிக் கல்வெட்டுகளில் கொடையளித்தோர் உப்பு வணிகன், அறுவை வணிகன், கொழு வணிகன் எனத் தொழிலால் குறிக்கப்பெறுகின்றனர். புகழூர்க் கல்வெட்டில் கருவூர்ப் பொன்வாணிகன் ஊராலும் தொழிலாலும் அறியப்படுகிறான். ஏறத்தாழ ஒரே கால எல்லையில் தமிழக வணிகன் தன்னை ஊராலும் தொழிலாலும் அறிமுகம் செய்ய, எகிப்துப் பாறையில் லைசாஸ் தன்னை உடையவனால் அறிமுகம் செய்கிறான். என்ன தொழில் செய்தான் என்று அவன் சொல்லவில்லை. இன்னான் வீட்டவன் என்பதே அவ்வழியில் அவனுக்கு வேண்டிய அறிமுகமாக இருந்தது போலும்.

இச்சிறு குடும்பங்களுள் அன்னியுஸ் குடும்பம் தனித்த ஒன்றன்று. வாதி மெனீஹில் கயுஸ் பெத்திகியுஸ் என்பவனின் பெயரும் உள்ளது. நடு இத்தாலியில் கல்வெட்டுகளால் அறியப்படும் வணிகக் குடும்பத்தோடு அவனை இணைப்பர். கி.மு. 48-இல் பார்சாலுஸ் போரில் தோற்றோடிய பாம்பேயைத் தன் கப்பலில் ஏற்றிக் காப்பாற்றிய வணிகன் ஒருவனையும் பெத்திகியுஸ் என்றே புளூட்டார்க் குறிக்கிறார்.

ஆண்டுக் கணக்கு

லைசாஸ் கல்வெட்டு எழுப்பும் பெருஞ்சிக்கல் காலம் பற்றியது. பிளினியின் கதை கிளாடியஸ் காலத்தது எனக் கொண்டால், கி.பி. 6-இல் அடிமைகளைச் செங்கடல் வழியில் அனுப்பும் நிலையிலிருந்த புளோகாமுஸ், அதன்பின் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலும் வரிக்குத்தகையில் நீடித்திருந்தான் என்று கொள்ள நேரும். அது இயலாததன்று. அல்லது பிளினி கூறும் புளோகாமுஸ் கல்வெட்டுப் புளோகாமுஸின் மைந்தனாகலாம். இவ்விரண்டையும் விட ஏற்புடையது, பயணம் வேறு தூது வேறு எனக் கொள்வதாகும். அகஸ்டஸ் அல்லது டைபீரியஸ் காலத்தில் நிகழ்ந்த பயணமும் கிளாடியஸ் காலத்தில் வந்த தூதும் பிளினியின் கையில் ஒரே கதையாக இணைந்திருத்தல் கூடும். கி.பி. 77 அளவில் நூலை முடித்த பிளினிக்கு இரண்டுமே பழஞ்செய்திகள்.

கதையின் உயிர்ப்பகுதியான காசுச் செய்தியையும் இந்நோக்கில் படிக்க வேண்டும். கி.பி. 64-இல் நீரோ வெள்ளிக் காசின் எடையைக் குறைத்தான். அதன்பின் எழுதும் பிளினி, எல்லாத் தலைவர்களின் காசும் ஒரே எடையாக இருந்த காலத்தை அயல்நாட்டரசன் வாயால் புகழ வைக்கிறார். உரோமானிய வாசகருக்கு அப்புகழ்ச்சியின் உட்பொருள் விளங்கியிருக்கும். எனவே அதை இலங்கை அரசவையில் நடந்த உரையாடலின் பதிவாகக் கொள்வதினும், உரோமில் சொல்லப்பட்ட கதையாகக் கொள்வதே தகும். தொல்பொருள் நிலையும் இதற்கு இசைவாகவே உள்ளது. அகஸ்டஸ், டைபீரியஸ் கால வெள்ளிக் காசுகள் கொங்குப் பகுதி உள்ளிட்ட தென்னிந்தியப் புதையல்களில் பெருந்தொகையாகக் கிடைத்துள்ளன. இலங்கையில் கிடைக்கும் உரோமானியக் காசுகளோ மிகப் பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளின் செப்புக் காசுகள். ஹிப்புரோஸைக் குதிரைமலையோடு இணைத்து, ராகியாஸைத் தமிழ்ப் பெயராகவோ சிங்களப் பெயராகவோ நிறுவ முற்படும் விவாதங்கள் இக்காலச் சிக்கலைத் தீர்க்காமலே நடத்தப்படுகின்றன. அடித்தளம் இடாமல் மாடம் எழுப்பும் வேலை அது.

வந்த பெயரும் வந்த ஆளும்

உரோமானியச் சிறு குடும்பங்களின் பெயர்கள் தமிழ் மண்ணிலும் கிடைத்துள்ளன. 1945-இல் வீலர் நடத்திய அரிக்கமேடு அகழாய்வில், இத்தாலியின் அரெட்சோ வகைச் செம்மட்கலங்களில் விபி, கமூரி, இத்தா என்னும் முத்திரைகள் காணப்பட்டன. கமூரி என்பது 'கமூரியுஸினுடையது' என்னும் பொருளில் அமைந்த உடைமை வடிவம். கமூரியுஸ் இத்தாலியில் குயவுத்தொழிற் பட்டறை வைத்திருந்த குடும்பத்தின் பெயர். அப்பெயர் அரிக்கமேட்டுக்கு வந்தது. கமூரியுஸ் வரவில்லை. கலம் விற்கப்பட்டுப் பல கைகள் மாறி வந்திருக்கும். இதை ஏற்பதில் யாருக்கும் தயக்கமில்லை.

அதே அளவுகோலை எகிப்தில் கிடைத்த தமிழிப் பானையோடுகளுக்குப் பொருத்துவதில்தான் தயக்கம் காணப்படுகிறது. குசெய்ர் அல்-கதீமில் கணன், சாதன் எனப் பெயர் பொறித்த ஓடுகள் கிடைத்தன. பானை ஒறி என எழுதிய ஓடும் அங்கிருந்தே வந்தது. பெரனிகேயிலும் தமிழி எழுத்துடைய ஓடு உண்டு. இவற்றைக்கொண்டு கண்ணனும் சாத்தனும் செங்கடல் துறையில் வாழ்ந்தனர் என்று ஆய்வேடுகள் உறுதியாக எழுதுகின்றன. அவர்கள் வாழ்ந்திருக்கலாம்; அதற்கான வாய்ப்பு மிகுதி என்றே சொல்லலாம். ஆனால் பானை இடம்பெயரும் பொருள். அதில் பொறித்த பெயர் வனைந்தவனுடையதாகலாம், விற்றவனுடையதாகலாம், கொண்டு சென்றவனுடையதாகலாம். கமூரியுஸை வரவேற்காத தருக்கம் கண்ணனை மட்டும் கப்பலேற்றுவது எவ்வாறு? வேறுபாடு காட்ட வேண்டுமாயின் கலத்தின் வகை, எழுத்துப் பொறித்த நிலை (சுடுவதற்கு முன்னா, பின்னா), ஓடு கிடைத்த மண்ணடுக்கு ஆகியவற்றைக் கொண்டு காட்டலாம். சரக்குக் கலமன்றிச் சமையற்கலமாக இருப்பின் உடனிருந்து பயன்படுத்தியவர் உண்டு எனல் வலுப்பெறும். இவ்வாதங்களை முன்வைக்கும் கட்டுரைகள் சிலவே. பெயர் தமிழ்ப்பெயர் என்ற அளவில் மகிழ்ந்து நின்றுவிடும் கட்டுரைகள் பல.

பாறைக் கல்வெட்டு இவ்வகையில் வேறுபட்டது. பாறை இடம்பெயராது. தன்மை வினையோடும் நாளோடும் ஒருவன் பாறையில் எழுதுகையில், அவன் அவ்விடத்தில் அந்நாளில் நின்றான் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படுகிறது. சொகோத்ரா தீவின் ஹோக் குகையில் பிராமி எழுத்தில் தம் பெயர்களை எழுதிச் சென்ற இந்தியக் கடலோடிகளின் சான்றும் இவ்வலிமை உடையதே. அயல்நாட்டுத் தமிழ்த் தொடர்பு பற்றிய சான்றுகளை அட்டவணைப்படுத்துவோர் பாறையெழுத்தையும் கலத்தெழுத்தையும் நூற்செய்தியையும் ஒரே நிரலில் வைப்பது பெருவழக்காக உள்ளது. மூன்றும் மூன்று வகை உறுதிப்பாடு உடையவை. மூன்று நிரல்களில் வைத்தாலே பாதிக் குழப்பம் நீங்கும்.

மொழிபெயர்ப்புச் சொல்லும் இதனோடு சேர்த்து முடிவு செய்யப்பட வேண்டும். அடிமை நிலையிலிருந்து சட்டப்படி விடுவிக்கப்பட்டு, பழைய ஆண்டையின் பெயரைத் தாங்கி, அவனுக்குச் சில கடமைகள் உடையவனாகவே தொடர்ந்த உரோமானியனைக் குறிக்கத் தமிழில் நிலைபெற்ற கலைச்சொல் இல்லை. 'விடுபெற்றோன்' என்பது பொருந்தும். 'பணியாள்' பொருந்தாது. பணியாள் விரும்பினால் நீங்கலாம். விடுபெற்றோன் தன் பெயரிலிருந்தே நீங்க இயலாதவன்.

பிளினியின் விடுபெற்றோனும் பாறையின் லைசாஸும் ஒருவனேயா என்னும் வினா படிப்போர் மனத்தில் எழுவது இயல்பு. ஆண்டை ஒருவனே, கடல்வழியும் அதுவே, கி.பி. 6-இல் அடிமையாக இருந்தவன் பின்னர் விடுதலை பெற்றிருக்கவும் காலம் உண்டு. ஆயினும் புளோகாமுஸின் வீட்டில் எத்தனை அடிமைகள் கப்பல் வேலைக்கு இருந்தனர் என்பதற்குக் கணக்கில்லை. வரிக்குத்தகை எடுத்த ஒருவனுக்கு ஒரே ஆள் போதியிருக்க மாட்டான். எனவே இருவரையும் ஒருவராக்கி எழுதுவது கதைக்கு அழகு, ஆய்வுக்கு அன்று. ஆய்வேட்டின் அட்டவணையில் புளோகாமுஸ் குத்தகையாளன் என்றும், லைசாஸ் கி.பி. 6-இல் வாதி மெனீஹில் நின்ற அடிமை என்றும் வெவ்வேறாகப் பதியப்பட வேண்டும். ஆறு திங்கள் இலங்கையில் தங்கி அந்நாட்டு மொழி கற்றவனுக்கு உரோமானிய வழக்கப்படி முதலிரு பெயர்கள் புப்ளியுஸ் அன்னியுஸ் என்பன. மூன்றாம் பெயருக்குரிய கட்டத்தை வெறுமையாகவே விட வேண்டும். பிளினி அதை எழுதவில்லை.